நங்கூர விளக்கு

2023 ஏப்ரல் 17, திங்கட்கிழமை மாலை ஆறு ஐம்பதுக்கு, புதூருக்குத் தெற்கே ஒரு கரிசல் காட்டில், பேட்டரி கழற்றப்பட்ட ஒரு பாய்மரப் படகின் உச்சியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இசக்கிதுரை படகின் தளத்தில் நின்று அதை அண்ணாந்து பார்த்தான். பிறகு எட்டிக் கீழே பேட்டரியைப் பார்த்தான். அது தரையில் ஒரு சாக்கின் மேல் இருந்தது. இரண்டு முனையிலும் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. அரை மணி நேரத்துக்கு முன்னால் அவனே ஸ்பேனர் போட்டுக் கழற்றி இறக்கியது. மேலே, முப்பத்து நான்கு அடி உயரத்தில், அந்தச் சின்ன வெள்ளை விளக்கு யாரோ ஒருவர் வீட்டு வாசலில் எரிவதுபோல ஒரு துடிப்பும் இல்லாமல் எரிந்தது.

“சோலார் கீலார் வச்சிருக்காரா?”

“நானும் அதத்தான் தேடுனேன் அத்தான். ஒண்ணுங் கெடையாது,” என்றான் மாரிராஜ்.

மாரிராஜ் அவன் மனைவி செல்வமாரியின் தம்பி. ஆறு வருஷம் காற்றாலைகளில் ஏறி வேலை பார்த்தவன். போன ஐப்பசியில் கூட ஏறிய ஒருவன் விழுந்து செத்த பிறகு, இனி எதிலும் ஏறமாட்டேன் என்று அக்காளின் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டு, கோவில்பட்டியில் இசக்கிதுரையின் மோட்டார் கடைக்கு வந்து சேர்ந்திருந்தான். அவனை இங்கே கூட்டிவந்தது இசக்கிதுரைதான். வீட்டில், விளாத்திகுளத்தில் மோட்டார் செட்டு வேலை, மூன்று நாள் ஆகும் என்று சொல்லியிருந்தான்.

படகு ஆசீர்வாதத்துடையது. கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற அவர், தூத்துக்குடியில் யாரோ கைவிட்ட இருபத்தெட்டு அடிப் படகை வாங்கி, அதன் உடம்பில் ஊறிய ஈரம் காயட்டும் என்று மனைவிவழி நிலத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அடியில் தண்டவாளக் கட்டைகள், பக்கத்துக்கு மூன்றாக இரும்புக் கால்கள். பருத்திமார் பிடுங்கிய காடு நான்கு பக்கமும் கறுப்பாக வெடித்துக் கிடந்தது. சில வெடிப்புகளில் முழங்கை வரை விடலாம். கடல் இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி. காலையில் டீக்கடையில் இறங்கியபோதே, “என்ன அண்ணாச்சி, தூண்டி கொண்டாந்தீங்களா? விலாங்கு பட்டா நமக்கும் ஒண்ணு” என்று ஒருவன் கேட்டுவிட்டான்.

வியாழக்கிழமை படகை ஏற்ற லாரி வருகிறது. அதற்குள் விளக்குக் கோளாறைச் சரிசெய்ய வேண்டும். அணைத்தால் அணையமாட்டேன் என்கிறது என்று ஆசீர்வாதம் போனில் சொன்னபோது, சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று இசக்கிதுரை நினைத்தான்.

இருபது வருஷத்தில் அவன் பார்த்த கோளாறுகளில் பாதிக்குக் கம்பி காரணமில்லை. அடுத்த வீட்டுக் குழாயோடு ஒயரைக் கட்டி வைத்த குடித்தனக்காரன், அண்ணன் மோட்டாரை எரிக்க ஃபியூசில் ஆணி செருகிய தம்பி, அப்படித்தான் கண்டுபிடித்திருக்கிறான். கம்பிக்குப் பின்னால் ஒரு கை இருக்கும். கையைக் கண்டுபிடித்தால் வேலை முடிந்தது.

அவன் பாய்மரத்தின் அடியில் இருந்த இணைப்புப் பெட்டியைத் திறந்து மீட்டரை வைத்தான். பேட்டரியிலிருந்து வரும் கம்பியில் ஒன்றும் இல்லை. பாய்மரத்திலிருந்து எர்த் குழிக்குப் போகும் கம்பியில் வைத்தான். பன்னிரண்டரை வோல்ட்.

அந்த எர்த் குழி அவனே மாசி மாதம் வந்து போட்டது. படகுக்கு எர்த் எதற்கு என்று ஆசீர்வாதம் சிரித்தார். மரமில்லாத காட்டில் இத்தனை உயரத்துக்கு அலுமினியக் கம்பம் நிற்கிறது, கோடைமழையில் முதல் இடி இதில்தான் விழும் என்று வற்புறுத்தி, ஐந்தடி தோண்டி, பைப்பை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, பாய்மரத்தின் அடியிலிருந்து எட்டாம் நம்பர் கம்பியை இழுத்துக் கட்டிவிட்டுப் போனான். மண்ணுக்குள் போக வேண்டிய கரண்டு, மண்ணிலிருந்து மேலே வருவதை அவன் இதுவரை பார்த்ததில்லை.

கீழே இறங்கி, குழியின் மூடியைத் தள்ளி, பைப்பில் கட்டியிருந்த கிளாம்பைக் கழற்றினான். விளக்கு அணைந்தது.

“அத்தான்.”

“என்னலே?”

“கெழக்க பாருங்க. அந்த லைட்டு இப்ப பச்சையும் காட்டுது.”

அவன் பார்த்தான். கிழக்கே தரை முடியும் இடத்தில் விளக்குகள் இருந்தன. மேலே ஒரு வெள்ளை, கீழே ஒரு சிவப்பு, அப்படி மூன்று ஜோடி, தெற்கேயிருந்து வடக்கே மிக மெதுவாகப் போய்க்கொண்டிருந்ததை அவன் முன்பே கவனித்துத்தான் இருந்தான். காற்றாலை விளக்கு என்று விட்டுவிட்டான். இப்போது அவை நகரவில்லை. சிவப்புக்குப் பக்கத்தில் ஒரு பச்சை இருந்தது.

கிளாம்பைத் திரும்ப வைத்தான். உச்சியில் வெளிச்சம் வந்தது. பச்சை மறைந்தது.

“காத்தாடி லைட்டுலே.”

“அங்கன காத்தாடி கெடையாது அத்தான். இந்தப் பக்கத்துல நான் ஏறாத காத்தாடி எது?”

காற்று அசையவில்லை. பாய்மரக் கயிறு மட்டும் அலுமினியத்தில் டொக், டொக் என்று தட்டிக்கொண்டிருந்தது, ஏதோ ஓர் அலை கீழே படகைத் தூக்கித் தூக்கி வைப்பதுபோல ஓர் ஒழுங்கில்.

*

மறுநாள் பகல் முழுக்க இருவரும் எர்த் குழியைச் சுற்றித் தோண்டினார்கள். யாராவது பேட்டரியைப் புதைத்து வைத்திருப்பான் என்பது இசக்கிதுரையின் கணக்கு. பேட்டரி இல்லை. ஒயர் இல்லை. ஆனால் மண் ஈரமாக இருந்தது. மாசியிலிருந்து ஒரு தூறல் இல்லாத காட்டில், மேலே வெடித்து, இரண்டடிக்குக் கீழே கையில் ஒட்டும் களியாக, அள்ளினால் விரலிடுக்கில் வழிகிற ஈரம். அவன் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினான். அவன் போட்டது பத்துக் கிலோ கல்லுப்பு. இது அந்த உப்புச் சுவை இல்லை. மீன் கழுவிய தண்ணீர்போல ஒரு வாடை அடியில் இருந்தது.

குழியை மூடிவிட்டு, சாயந்திரம் ஐந்து மணிக்கு, வேனை ரோட்டுப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தச் சொல்லி மாரிராஜை அனுப்பிவிட்டு, அவன் மட்டும் தகரக் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். அரை மணி கழித்து மாயகிருஷ்ணன் வந்தார். நிலத்துக்குக் காவலாக இருக்கும் அறுபது வயதுக்காரர். இடுப்பில் பிளாஸ்டிக் குடம், கையில் ஒரு பொட்டலம். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குழி மூடியை நகர்த்தி, பொட்டலத்திலிருந்த உப்பைக் கொட்டி, குடத்துத் தண்ணீரை ஊற்றினார். சர்ரென்று உள்ளே போனது. குனிந்து காது கொடுத்தார். திருப்திப்பட்டவர்போல நிமிர்ந்தார்.

“ரொம்ப நல்லாருக்கு,” என்றான் இசக்கிதுரை.

குடம் கீழே விழுந்தது.

“எத்தன நாளா நடக்கு இது?”

“நீங்கதான சொன்னீங்க அண்ணாச்சி, குழி காயக் கூடாதுன்னு.”

“வாரத்துக்கு ஒருக்கா ஊத்தச் சொன்னேன். ஒளிஞ்சு ஒளிஞ்சு உப்புப் போட்டு ஊத்தச் சொன்னனா? யாருக்காக இதச் செய்யுதீரு? என்ன மாட்டி வச்சிருக்கீரு உள்ள?”

மாயகிருஷ்ணன் கிழக்கே பார்த்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

“ஈரம் இருந்தாத்தான் எரியுது. எரிஞ்சாத்தான் அவிய வெலகிப் போறாவ.”

“எவிய?”

“நேத்து நீங்களே பாத்தீங்கள்ல.”

“டிராக்டரு.”

“சரி,” என்றார் அவர். “டிராக்டருன்னே வச்சுக்கிடுங்க. கதவு சாத்தியிருக்கு, நாய் வாசல்ல நிக்குதுன்னா ஒருத்தன் வெலகிப் போறாம்லா, அந்த மாதிரி. வந்தவன் வந்த வழியே போகட்டும். நமக்கென்ன?”

இசக்கிதுரை சிரித்துவிட்டான். சாயந்திரத்துக்குப் பிறகு ஆள் யாரும் இந்தப் பக்கம் வராமலிருக்க ஒருவர் கட்டிவிடும் கதை எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. இருட்டில் இங்கே என்ன நடக்கிறது, எதை ஏற்றுகிறார்கள், எதை இறக்குகிறார்கள், அது ஆசீர்வாதத்துக்குத் தெரியுமா? குடத்தையும் கொட்டகையில் இருந்த உப்பு மூட்டையையும் தூக்கிக்கொண்டுபோய் வேனில் போட்டுப் பூட்டினான். தண்ணீர் எடுக்கும் மோட்டார் ரூமின் சாவியையும் வாங்கிக்கொண்டான். நாளைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் குழியில் விழக் கூடாது என்றான்.

அன்றிரவு ஆசீர்வாதத்துக்குப் போன் போட்டு, சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தான். மாயகிருஷ்ணன் தங்கமான ஆள் என்றார் அவர். தண்ணீர் ஊற்றுவது தனக்குத் தெரியாது என்றார். அந்தக் குரலில் இவன் ஒரு தயக்கத்தைக் கேட்டான், அல்லது கேட்டதாக நினைத்தான்.

“அந்த லைட்டு அவ்வளவு முக்கியமா சார்? லாரிலதான போகுது.”

“தம்பி, உச்சியில இருக்கது நங்கூர வெளக்கு. போட்ட நிப்பாட்டியாச்சுன்னா ராத்திரி பூரா எரியணும். இங்கன ஒருத்தன் நிக்கான், அசைய மாட்டான், நீ பாத்து ஒதுங்கிப் போன்னு அர்த்தம். தண்ணியில எறக்குன அன்னைக்கே எனக்கு அது வேணும்.”

“கரிசக்காட்டுல யாரு சார் வந்து இடிக்கப் போறா? செம்மறியாட்டுக் கெடையா?”

அவரும் சிரித்தார். இசக்கிதுரை நன்றாகக் கவனித்தான். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

*

புதன்கிழமை விளக்கு மங்கலாக எரிந்தது. ஆறே முக்காலுக்குத் தானே ஏற்றிக்கொண்டு, காய்ந்த குழியில் மீதியிருந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு நிற்பதுபோல, மஞ்சளாக, அணையப் போவதுபோல எரிந்தது. அது இசக்கிதுரைக்குத் திருப்தியாக இருந்தது. தண்ணீரை நிறுத்தினால் மங்குகிறது. அப்படியானால் கை மாயகிருஷ்ணனுடையதுதான். மீதி, உச்சியில் அந்த விளக்குக்குள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

“ஒரே ஒரு தடவ மாப்ள. பத்து நிமிசம். கழட்டிக் கையில எடுத்துட்டு எறங்கிரு.”

மாரிராஜ் பாய்மரத்தை ஒரு முறை கையால் தடவினான். “காத்தாடி எரநூத்தம்பது அடி அத்தான். இது அது காலுக்கு வராது,” என்று சொல்லிவிட்டுப் பலகையில் உட்கார்ந்தான். ஊஞ்சல் பலகைபோன்ற ஒன்று. அதைக் கயிற்றில் கட்டி, பாய்மரத்தின் அடியில் இருந்த உருளையைக் கைப்பிடியால் சுற்றினால் மேலே ஏறும். இடுப்புப் பட்டையின் கொக்கியை இன்னொரு கயிற்றில் மாட்டிக்கொண்டான். இசக்கிதுரை சுற்றினான். கால்கள் தலைக்கு மேலே போயின. செருப்புகள் தளத்தில் கிடந்தன.

போன் அடித்தது. செல்வமாரி.

“சாப்ட்டீங்களா? மாரி பக்கத்துல இருக்கானா?”

“இருக்கான். மோட்டார எறக்கிட்டு இருக்கோம்.”

“அவன எதுலயும் ஏத்திறாதீங்க, கேட்டீங்களா? நீங்க சொன்னா தட்ட மாட்டான் அவன்.”

“ஏறதுக்கு இங்கன என்ன இருக்கு? வையி போன.”

கயிற்றை முளையில் சுற்றிக் கட்டினான். மேலே மாரிராஜ் விளக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்திருந்தான். அவன் முகத்தில் ஒரு பாதியில் மட்டும் மஞ்சள் வெளிச்சம். கிழக்கே விளக்குகள் வந்திருந்தன. இன்று மூன்று ஜோடி இல்லை. இசக்கிதுரை எண்ணத் தொடங்கி ஒன்பதில் விட்டான். திங்கட்கிழமை அவை தரை முடியும் இடத்தில் இருந்தன. இன்று இருட்டில் தூரம் தெரியவில்லை, ஆனால் வெள்ளைக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு பனை உயர இடைவெளி இருந்தது. சத்தமில்லை. டிராக்டர் என்றால் சத்தம் வரும். லாரி என்றால் குதிக்கும். இவை குதிக்கவில்லை, மெல்லச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் சாய்ந்து போயின, ஒன்றன்பின் ஒன்றாக, படகை நெருங்கும் இடத்தில் ஒதுங்கி வளைந்து.

“அத்தான், தொட்டா சுளீர்ங்குது. திருப்புளியே வைக்க முடியல. கீழ கழட்டி விடுங்க.”

அவன் ஏணியில் இறங்கி ஸ்பேனரோடு குழிக்கு வந்தான். மூடிக்குப் பக்கத்தில் மாயகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார்.

“இப்ப வேண்டாம் அண்ணாச்சி. ஒரு அரை மணி நேரம். அவிய தாண்டிரட்டும்.”

“எந்திரியும்.”

“ஆள மேல வச்சுக்கிட்டு வெளக்க அணைக்காதீங்க. உங்க காலப் பிடிச்சுக் கேக்கேன். வொத்து சாமி, வொத்து.” பயத்தில் அவருக்கு வீட்டில் பேசும் தெலுங்கு வந்துவிட்டது. வேண்டாம் என்பதை இரண்டு மொழியிலும் மாற்றி மாற்றிச் சொன்னார்.

இவ்வளவு கெஞ்சுகிறவரிடம் மறைக்க ஏதோ இருக்கிறது. அது ஒன்றுதான் அந்த நேரத்தில் இசக்கிதுரைக்குத் தோன்றியது. அவரைத் தோளைப் பிடித்து நகர்த்தினான். கிளாம்பில் ஸ்பேனரை வைத்தான். இரண்டு சுற்று. கம்பி விடுபட்டது.

விளக்கு அணைந்தது.

முதலில் கயிறு தட்டும் சத்தம் நின்றது. அது நின்ற பிறகுதான் மூன்று நாளாக அது ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரிந்தது. பூச்சிச் சத்தமும் இல்லை. சூடான மண்ணின் வாடைக்கு நடுவே, எங்கிருந்தோ, நெடுநாள் மூடிக் கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்ததுபோல ஒரு வாடை வந்து முகத்தில் படிந்தது. கிழக்கே வரிசையின் முதல் ஜோடி நின்றது. சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை முளைத்தது. அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும்.

போன் அடித்தது. ஆசீர்வாதம்.

“தம்பி, நாளைக்கு லாரி ஒம்போது மணிக்கு...”

“சார், சிவப்பு லைட்டுக்குப் பக்கத்துல பச்சை தெரிஞ்சா என்ன சார்?”

“என்னது?”

“மேல வெள்ளை. கீழ சிவப்பு, பச்சை, ரெண்டும். கடல்ல. என்ன அர்த்தம்?”

“சிவப்பு மட்டும் தெரிஞ்சா உங்களத் தாண்டிப் போறான். ரெண்டும் சேந்து தெரிஞ்சா...” அவர் நிறுத்தினார். “ஏன் கேக்கீங்க? ரெண்டும் தெரிஞ்சா நேரா உங்க மேல வாரான்னு அர்த்தம். உங்க வெளக்கு அவனுக்குத் தெரியல. தம்பி? எங்கன இருக்கீங்க நீங்க?”

இசக்கிதுரை கிளாம்பைப் பைப்பில் வைத்து அழுத்தினான். விளக்கு எரியவில்லை. பைப்பைச் சுரண்டினான். மறுபடி வைத்தான். எரியவில்லை. குழியில் கையை விட்டான். மண் காய்ந்து பொடியாக இருந்தது.

“தண்ணி! தண்ணி கொண்டாரும்வே!”

“குடம் உங்க வேன்லலா இருக்கு!” என்று கத்தினார் மாயகிருஷ்ணன். “மோட்டார் ரூம் சாவியும் உங்ககிட்டதான!”

வேன் ரோட்டுப் பக்கம். முக்கால் கிலோமீட்டர். சாவிக் கொத்தை அவரிடம் எறிந்தான். அவர் மோட்டார் ரூமைப் பார்த்து ஓடினார். வெறுங்கால் மண்கட்டிகளில் பட்டுப் பட்டுத் தேய்ந்து போவது கேட்டது. அவன் ஏணியில் ஏறினான்.

“மாரி, எறக்குதேன். கெட்டியாப் பிடிச்சுக்கோ.”

அண்ணாந்து பார்த்தான்.

“ஏலே மாரி!”

“சத்தம் போடாதீங்க அத்தான்.” மெல்லிய குரல். “ஒண்ணு மட்டும் வருது. மத்ததெல்லாம் நிக்குது. இது மட்டும் வருது.”

மண் கிழியும் சத்தம். கலப்பை இல்லை. கலப்பைக்கு இவ்வளவு அகலம் கிடையாது. காய்ந்த கரிசல் பாளம் பாளமாகப் பெயர்ந்து இரண்டு பக்கமும் சரிகிற சத்தம், நெருங்க நெருங்க அடிவயிற்றில் அதிர்ந்தது. அவன் முளையிலிருந்து கயிற்றை அவிழ்க்கப் பார்த்தான். முடிச்சு இறுகியிருந்தது. நகம் பெயர்ந்தது. தளம் சாய்ந்தது. இரும்புக் கால்கள் முனகின. படகு மெல்ல, மிக மெல்ல, எழுந்தது. அமர்ந்தது. எழுந்தது.

கயிறு அவிழ்ந்தது. ஒரு சுற்று விட்டான். இரண்டு சுற்று.

“இருங்க அத்தான்.”

“எறங்கு மாரி, எறங்கு.”

“ஆள் இருக்கு.”

“எங்கன?”

“எனக்கு நேரா.”

மேலே இருட்டு. நட்சத்திரங்கள் ஒரு பக்கம் இருந்தன. ஒரு பக்கம் இல்லை. இல்லாத பக்கம் அகலமாகிக்கொண்டே வந்தது. தலைக்கு மேலே. சிவப்பும் பச்சையும் இப்போது எங்கும் தெரியவில்லை. அவை தெரியும் உயரத்தில் அவன் இல்லை.

“என்ன மாதிரியே உக்காந்திருக்கான்,” என்றான் மாரிராஜ். “பலகையில.”

“பாக்காத. கீழ பாரு. என்னப் பாரு.”

“கை நீட்டுதான்.”

“குடுக்காத.”

காற்றில்லை. மூச்சுச் சத்தம். யாருடையது?

“மாரி. கை குடுக்காத.”

கொக்கி கழலும் சத்தம். சின்னச் சத்தம்.

கையில் கயிறு இலேசானது.

*

மாயகிருஷ்ணன் மோட்டார் ரூமில் கிடந்த வாளியில் தண்ணீரோடு வந்து குழியில் ஊற்றியபோது மணி ஏழு நாற்பது. விளக்கு எரிந்தது. அதன் கீழே பலகை ஆடிக்கொண்டிருந்தது. இடுப்புக் கயிற்றின் கொக்கி அறுபடவில்லை, வளையவில்லை. கையால் திறந்திருந்தது. இருவரும் டார்ச் அடித்துச் சுற்றிலும் தேடினார்கள். பிறகு டீக்கடையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பிறகு போலீஸ் வந்தது. விழுந்திருந்தால் விழுந்த இடம் இருக்க வேண்டும். இல்லை.

விடிந்ததும் தடம் தெரிந்தது. கிழக்கேயிருந்து நானூறு மீட்டர் நீளத்துக்கு, முப்பதடி அகலத்தில் மண் உழுததுபோலப் பெயர்ந்து, இரண்டு பக்கமும் ஆள் இடுப்பளவு குவிந்திருந்தது. பள்ளத்தின் அடி ஈரமாக இருந்தது. அது நேராக வந்து, படகின் இடது பக்கத்தில், நான்கடி தள்ளி முடிந்தது. ஜேசிபி ஓட்டியது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். வந்த தடம் இருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை. அது முடிந்த இடத்தில், படகுக்குப் பக்கத்தில், வெறும் வெளிதான் இருந்தது. டீக்கடைக்காரரின் நாய் அதுவரை வந்து, முன்னங்காலைத் தூக்கியபடி நின்று, பின்வாங்கியது.

இசக்கிதுரையிடம் மூன்று முறை வாக்குமூலம் வாங்கினார்கள். நீ ஏற்றினாயா என்று கேட்டார்கள். ஏற்றினேன் என்றான். வீட்டுக்குச் சொன்னாயா என்று கேட்டார்கள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை.

சூரியன் பருத்திக்காட்டுக்கு மேலே ஏறியது. படகின் நிழல் மேற்கே விழுந்தது. பாய்மரத்தின் நிழல் மெல்லிய கோடாக, கொட்டகையைத் தாண்டி நீண்டது.

பக்கத்தில் இன்னொரு நிழல் விழுந்தது.

தடம் முடிந்த வெற்றிடத்திலிருந்து அது தொடங்கியது. படகின் நிழலைவிட நான்கு மடங்கு அகலம். அதன் பாய்மரம் கொட்டகையைத் தாண்டி, வரப்பைத் தாண்டி, அடுத்த காட்டுக்குள் போயிருந்தது. போலீஸ்காரர்கள் அதன் மேல் நடந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் சட்டையில் வெயில் விழவில்லை. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. மாயகிருஷ்ணன் மட்டும் நிழலின் ஓரத்தை ஒட்டிச் சுற்றி வந்தார், அதை மிதிக்காமல்.

இசக்கிதுரை வரப்பு வரை நடந்தான். அடுத்த காட்டுக்குள் இறங்கினான். பாய்மர நிழலின் உச்சிக்கு வந்து நின்றான். கறுப்பு மண்ணில், நிழலாக, இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் மற்றவனின் மணிக்கட்டைப் பிடித்திருந்தான்.

வானத்தைப் பார்த்தான். ஒன்றுமில்லை.

“மாரி,” என்றான்.

ஒரு தலை திரும்பியது. பிடித்திருந்த கை விடவில்லை.

வெயில் ஏற ஏற நிழல் சுருங்கியது. பன்னிரண்டேகாலுக்கு அது இல்லாமல் போனது. ஒரு மணிக்குக் காவல் நிலையத்தில், மாரிராஜ், வயது இருபத்தொன்பது, ஆள் காணவில்லை என்று பதிவானது.